படிவத்தின் பின்பக்கம்

ஆலங்கட்டி மழையோடு விடிந்தது போகோட்டா.
மகளின் பேருந்து தாமதம்.
தந்தை மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறார்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து.
எவேலியோ திபாதூய்சா, கொத்தனார்.

பிறந்த எடை கோப்பில் இருக்கிறது:
ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம்.
இருந்தும் கேட்கிறேன்.
உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டுகிறார்:
"அரைச் செங்கல். அதிலும் கொஞ்சம் குறைவு."

அப்போது இந்த மாடியில்
மூன்று குழந்தைக்கு ஓர் இன்குபேட்டர்.
தாய் வேறொரு தளத்தில் கண் திறக்காமல் கிடந்தாள்.
செவிலி ஒருத்தி
இவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி
மார்மேல் குழந்தையைத் தவளைபோல் அமர்த்தி
துணியால் இறுகக் கட்டிவிட்டுச் சொன்னாளாம்:
"இனி நீங்கள்தான் அடுப்பு.
அணையக் கூடாது."

ஐம்பத்து மூன்று இரவு.
படுக்காமல், சாய்ந்தே.
விரலிடுக்குச் சிமெண்டைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன் என்கிறார்.
அவள் மூச்சு கேட்கிறதா என்று
என் மூச்சை அடக்கிக்கொண்டேன் என்கிறார்.
பாட்டு ஒன்றும் தெரியாது,
கட்டவேண்டிய சுவரின் கணக்கையே
அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
நாற்பது கல், ஒரு வரிசை.
நாற்பது கல், ஒரு வரிசை.

யூரானி வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயது.
ஈரத் தலைமுடி, ஓடி ஏறிய நான்கு மாடி.
இரண்டே நிமிடத்தில் இதயம் நிதானத்துக்கு இறங்குகிறது.
இரத்த அழுத்தம், சர்க்கரை, கைப்பிடி வலு
எல்லாம் பச்சைக் கட்டத்துக்குள்.
தூக்கம்?
கலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வரும் என்று சிரிக்கிறாள்.

எதனால் எது என்று
ஒரு குழந்தையை வைத்துச் சொல்லிவிட முடியாது.
அதற்குத்தான் அலமாரி நிறையக் கோப்புகள்.
அடுத்ததைத் திறக்க எனக்குக் கை எழவில்லை.
அதே வாரம், அதே அறை, நான்காம் தொட்டில்.
பார்வையாளர் கட்டம் நெடுகச் சிறு கோடுகள்.
இருபத்திரண்டிலேயே அவனுக்கு
அழுத்த மாத்திரை தொடங்கியாகிவிட்டது.
நேற்று அவன் என்னைக் கேட்டான்:
"அப்போது நான் அழுதேனா?"
அதற்குப் பதிவு இல்லை.

கிளம்பும்போது எவேலியோ இடது தோளைத் தேய்க்கிறார்.
அந்த இரவுகளிலிருந்தே
அது முழுசாய் உயர்வதில்லையாம்.
"என்னை அளக்க மாட்டீர்களா?"

தந்தைக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
பட்டையை அவர் கையில் சுற்றுகிறேன்.
நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு.
தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொள்கிறேன்.
மகள் குனிந்து
அவர் சட்டைக் கையை இறக்கி
பொத்தானைப் போட்டுவிடுகிறாள்.