ஒன்று இருபது

வார்டோ தீவில் டிஷ் வானத்தைப் பார்ப்பதில்லை.
முகத்தைக் கவிழ்த்து வாசற்பனியை
முறைத்துக்கொண்டு நிற்கும்.
அத்தனை தாழ்வில் இங்கே செயற்கைக்கோள்,
நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரம்,
கடலுக்குச் சற்று மேலே.
குனிந்தால்தான் அதற்குக் காது கேட்கும்.
புதிதாய் வருகிறவர்கள்
உங்கள் வீட்டு டிஷ் கழன்று தொங்குகிறதென்று
அக்கறையாய்ச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிப்ரவரி கடைசி. வியாழக்கிழமை.
பனிச்சறுக்கு ரிலேயில் மூன்றாமவள் மேடேறும்போது
படம் கட்டம் கட்டமாய் உடைந்து நின்றது,
அவள் ஒரு கால் அந்தரத்தில்.
"போச்சு" என்றான் ஓட்வார்,
மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியபடி.
மணி ஒன்று இருபது.
இரண்டு நிமிடத்தில் தானாக வந்தது.
வெள்ளிக்கிழமை நாலு நிமிடம் போனது.

நான் ஏணியை எடுத்தேன்.
(அவன் விழுந்த அதே ஏணி.)
ஜன்னலைத் திறந்துவைத்து அவன் எண் சொன்னான்:
நாற்பத்தொண்ணு, நாற்பத்தொண்ணு, முப்பத்தெட்டு,
ஏய், பழைய இடத்துக்கே போ.
பதினாறு வருடக் கல்யாணத்தில்
அவன் சொல்லி நான் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது
அன்றைக்குத்தான்.

கனெக்டரைக் கழற்றினால்
உப்புக்காற்று தின்ற செம்பு, பச்சை பூத்து.
வீட்டுக்குள்ளிருந்த கேபிள் முனையில்
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
அகப்பட்டான் திருடன் என்றேன்.
இருபது மீட்டர் புதுக் கேபிள்,
மூட்டுகளில் ரப்பர் டேப் மூன்று சுற்று.
நாற்பத்தொன்று ஐம்பத்தேழு ஆனது.
சனிக்கிழமை ஒன்று பதினெட்டுக்கே போனது.

அப்புறம்தான் கண்ணில் பட்டன
ஹில்மாரின் நண்டுக்கூண்டுகள்,
எங்கள் தென்மேற்கை மறைத்து ஆளுயரம் இரண்டு.
நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு
இருட்டும்வரை ஒவ்வொன்றாய் நகர்த்தினார்,
நூற்றுப் பதினான்கு கூண்டு.
ஞாயிற்றுக்கிழமையும் போனது. ஆறு நிமிடம்.

வெள்ளி இரவே கோபத்தில் சொல்லிவைத்த புது டிஷ்
திங்கள் காலைக் கப்பலில் வந்து இறங்கியது.
நூற்றுப்பத்து சென்டிமீட்டர்.
மூவாயிரத்து நானூறு குரோனர்.
கம்பத்தை ரசமட்டம் வைத்து நிமிர்த்தினேன்,
புது எல்என்பியை மாட்டி
ஓட்வார் சொன்ன பக்கம் நாலு டிகிரி திருகினேன்.
"எழுபது! எழுபத்தொன்பது!
எண்பத்துநாலு, அடியே, எண்பத்துநாலு!"
பக்கத்துத் தெரு கேட்டிருக்கும்.

கடைசி நட்டை இறுக்கும்போது
ஸ்பேனர் விரலில் ஒட்டுகிற குளிர்.
உள்ளேயிருந்து:
"அறுபது. என்ன பண்றே? முப்பது.
தொடாதேன்னா கேளு. போச்சு!"

நான் தொடவேயில்லை.
எல்என்பியின் மூடியில் ஒரு வெளிச்சப் பொட்டு,
சட்டைப் பித்தான் அளவு.
காலையில் படிந்த உறைபனி அந்த இடத்தில் மட்டும்
இளகி, திரண்டு,
என் கையுறைமேல் சொட்டியது.
தொட்டேன் அப்போது. கதகதப்பு.

திரும்பிப் பார்த்தேன்.
ஐந்து நாள் மேகம் விலகிய கடலுக்குமேல்
நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரத்தில்
டிஷ்ஷுக்கு நேர் எதிரே
அது நின்றது.
நவம்பரில் போனது. ஜனவரியில் வந்ததாகச் சொன்னார்கள்,
பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒருநாள் விடுமுறை விட்டார்கள்,
நான் தொழிற்சாலையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன்.
செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று
தினமும் ஒன்று இருபதுக்கு
இந்த இரைச்சல் போட்டதெல்லாம் இதுதானா.
கேபிளைப் பழித்தேன், செம்பைப் பழித்தேன்.
ஹில்மாருக்கு ஒரு கேக்காவது செய்ய வேண்டும்.
நூற்றுப் பதினான்கு கூண்டுக்கு ஒரு கேக்.

"வருதா?" என்றேன், கண் கூசியபடி.
"ஒண்ணும் வரல. சைபர்."
முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்,
ஒரு கை டிஷ்ஷின் விளிம்பில்.
"ஒன்பது" என்றது ஜன்னல். "முப்பத்தஞ்சு. எண்பது!
என்ன பண்ணினே?"
"ஒண்ணும் பண்ணல."
"அப்படியே நில்லு" என்றான் ஓட்வார்,
"கையை எடுத்துடாதே."