எண் மட்டும் உள்ள கோப்பை

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
பர்லியாறு வளைவுகளில் எலுமிச்சையை முகர்ந்தபடி
கோவையிலிருந்து ஏறி வருவாள் ரிஃபானா.
பையில் என் குப்பி. ஒட்டியிருப்பது ஓர் எண் மட்டும்.
உள்ளே மருந்தா, வெறும் மாவா,
எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியக் கூடாது.
ஆராய்ச்சி முடியும்வரை அப்படித்தானாம்.

"சங்கடமா இருக்கா சார்?" என்றாள் முதல் நாள்.
சிரித்தேன்.
முகம் சிரித்ததா என்று
இப்போதெல்லாம் மாதியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.
முப்பத்தோரு வருஷம்
குன்னூர் ஏலத்துக்குத் தேயிலை ருசி பார்த்தவன் நான்.
எஸ்டேட் பெயரை மறைத்து எண் மட்டும் வைத்து
காலையில் நூற்றிருபது கோப்பை.
உறிஞ்சு, உருட்டு, துப்பு, நகர்.
பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும், அம்மா.
அதை உங்கள் ஆஸ்பத்திரியா கண்டுபிடித்தது?

விரலையும் கட்டைவிரலையும் தட்டச் சொல்வாள்.
கதவுவரை நடந்து திரும்பச் சொல்வாள்.
திரும்பும் இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்,
அவள் கடிகாரம் மட்டும் ஓடும்.
பிறகு வாசனை அட்டை.
சுரண்டி முகர்ந்து நாலில் ஒன்றைச் சொல்லவேண்டும்:
கிராம்பு, சோப்பு, வாழைப்பழம், மண்ணெண்ணெய்.
நாற்பதுக்கு ஒன்பது வாங்கினேன்.
கண்ணை மூடிக் குத்தினாலே பத்து வரும்.

போன மாதம் என் பழைய நோட்டுகளைக் கேட்டாள்.
பரணிலிருந்து மாதி இறக்கிக் கொடுத்தாள், பதினாலு.
ரிஃபானா எழுத்துக்கு எழுத்து ஸ்கேல் வைத்தாள்.
"பிஸ்கட் மணம், செம்பு நிறம், ஜனவரிப் பனி தெரிகிறது":
நாலு மில்லிமீட்டர்.
"நல்ல நிறம், பரவாயில்லை": மூன்று.
"பரவாயில்லை": இரண்டு.
அப்புறம் வெறும் "ப.",
அப்புறம் எறும்பு.

கை நடுங்கியது ஐந்து வருஷம் முன்பு.
எழுத்து சுருங்கியது அதற்கும் ஆறு வருஷம் முன்பு.
"வாசனை அதுக்கும் முன்னாடியே போயிருக்கும் சார்" என்றாள்,
பேருந்து போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

அவள் ஸ்கேல் நின்ற பக்கத்தை நான் பார்த்தேன்.
அது தேயிலைக் குறிப்பு இல்லை.
மேனேஜருக்கு எழுதிய புகாரின் நகல்.
அந்த மார்ச்சில் எல்லாக் கோப்பையும் வெந்நீராய் இருந்தது.
கெட்டில் வைப்பவன் சகாயம்.
கொதித்து ஆறியதையே திரும்பக் கொதிக்கவைக்கிறான்,
ருசி செத்துப்போகிறது என்று எழுதினேன்.
"இல்ல சார், புதுத் தண்ணி சார்" என்றான்.
மறுநாளும் சொன்னான்.
அதற்கு மறுநாள் அவன் வரவில்லை.
மேட்டுப்பாளையம் மண்டியில்
உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி.

புகாரில் ஒவ்வொரு வரியும்
பெரிதாய்த் தொடங்கி ஓரத்தில் குன்றிப்போகிறது.
"இங்கேருந்துதான் இறங்குது" என்று
பென்சிலால் சின்னதாய் ஒரு அம்பு போட்டாள்.

அன்று ராத்திரி ஒரு காப்ஸ்யூலைப் பிரித்தேன்.
பொத்தான் போடாத விரல்களுக்கு அது கால் மணி நேர வேலை.
தூளை நாக்கில் வைத்து, தண்ணீர் ஊற்றி,
பழைய மாதிரியே சத்தமாய் உறிஞ்சினேன்.
உருட்டினேன். சிங்க்கில் துப்பினேன்.
சுண்ணாம்பு மாதிரி ஏதோ. அவ்வளவுதான்.
அதைச் சொல்லியிருக்கக்கூடிய மூக்குதான்
முதலில் போன சாட்சி.

செவ்வாயன்று ஒப்புக்கொண்டேன்.
திட்டவில்லை. ஃபாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது:
தவறிய மாத்திரை, ஒன்று.
சகாயத்தைப் பற்றியும் சொன்னேன்.
மூன்று பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

கிளம்பும்போது கோடு போட்ட தாள் ஒன்று தந்தாள்,
பட்டைக் கோடு, அகல இடைவெளி, ஒன்றாங்கிளாஸ் தாள்.
"மேல்கோட்டைத் தொட்டுத் தொட்டு எழுதுங்க,
எழுத்து சுருங்காது."

மாதி விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினாள்.
வெளியே மஞ்சு, ஜன்னல் முழுக்க.
தம்பி சகாயம், என்று ஒரு கோடு.
அடுத்த கோட்டில்,
மேலே இடித்து, கீழே இடித்து,
அரை மணி நேரத்தில் இரண்டு வார்த்தை:
புதுத் தண்ணிதான்.