உள்ளளவு

ஜனவரி. துலூத் நகரம். ஏரிக் காற்று
என் கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கிறது.
கெட்டுனெனின் கட்டடத்தில் நாலு குடித்தனம்:
மேலே மூன்று, தரைக்குக் கீழே ஒன்று.
மேலே பெரிய குறையில்லை. படிக்கட்டு இரண்டு,
கதவு வெளிப்பக்கமாய்த் திறக்கிறது.
பின்படியில் மட்டும் ஒரு பனிச்சறுக்குப் பலகை,
ஒரு மூட்டை உப்பு, கால் உடைந்த தொட்டில்.
யாருடையது என்றேன்.
பலகைக்கு ஒருவர் வந்தார், உப்புக்கு ஒருவர்.
தொட்டிலுக்கு வரவில்லை.

கீழே லோர்ன் பொலியூ. காகித ஆலையில் இரவு வேலை.
கதவைத் திறந்தபோது
கன்னத்தில் தலையணையின் மடிப்பு.
கட்டிலுக்கு மேலே, சுவரின் உச்சியில் ஜன்னல்,
குளிருக்குப் பயந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டி.
கிழித்துத் திறந்தேன்.
வெளியே குழியில் நின்ற பனி
இதற்கென்றே காத்திருந்ததுபோல்
தலையணைமேல் விழுந்தது.
"பரவாயில்லை, எப்படியும் துவைக்கணும்" என்றார்.

நாடாவை இழுத்தேன்.
அகலம் இருபது அங்குலம். சரி.
உயரம் இருபத்து நான்கு. சரி.
"பார்த்தீர்களா, புத்தகத்தில் உள்ளபடியே" என்றார் கெட்டுனென்.
உள்ளபடிதான். அதற்கு அடுத்த வரியும் உள்ளது:
பெருக்க வேண்டும்.
நானூற்று எண்பது சதுர அங்குலம்.
வேண்டியதோ எண்ணூற்று இருபத்தொன்று.
குறைந்தபட்ச அகலமும் குறைந்தபட்ச உயரமும்
ஜோடியாய் வந்தால் இந்த விதி உள்ளே விடாது.
போதாதற்கு, ஜன்னலின் அடி
தரையிலிருந்து அறுபத்தோர் அங்குலம்.
நாற்பத்து நான்கைத் தாண்டக் கூடாது.

ஜன்னலைச் சுற்றி இருப்பதும் சட்டம்,
என் பையில் இருப்பதும் சட்டம்.
அது மரம். அறுக்கலாம்.

"குறை என்று எழுதினால் அறையைப் பூட்டிவிடுவேன்.
சுவரை உடைக்க என்னிடம் பணம் காய்ச்சா தொங்குது?"
லோர்ன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.
சாக்ஸில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்,
கட்டிலுக்கு அடியில், வெகு நேரம்.

இந்த ஜன்னலில் தூங்கினால் செத்துவிடலாம்.
இந்தக் குளிரில் தெருவில் தூங்கினால் செத்தே போகலாம்.
இரண்டாவதற்கு என்னிடம் படிவம் இல்லை.

குறை என்று எழுதினேன். முப்பது நாள் என்றும்.
அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய்.
சாப்பிட்டேன். பிறகுதான் தூக்கம் வரவில்லை.

இருபத்தெட்டாம் நாள் கூப்பிட்டார்கள்.
கட்டில்மேல் சிமெண்ட் தூள், வாடகை ரம்பம்,
கெட்டுனெனின் புருவம் முழுக்க வெள்ளை.
பதினேழு அங்குலம் கீழிறக்கி
சரியாய் நாற்பத்து நான்கில் நிறுத்தியிருந்தார்,
கஞ்சனின் துல்லியத்தோடு.
இருபதை நாற்பத்தொன்றால் பெருக்கினேன்.
எண்ணூற்று இருபது.
மறுபடி பெருக்கினேன்.

ஒன்று குறைகிறது. ஒரு தபால்தலை அகலம்.
மூவரும் அந்தத் துளையைப் பார்த்து நின்றோம்.
எண்ணூற்று இருபதில் சிக்கிக்கொண்டது
யாருடைய தோள் என்று புத்தகம் சொல்வதில்லை.
சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம்.

லோர்ன் உளியை எடுத்தார்.
யாரும் கேட்கவில்லை. அரை அங்குலம்,
அடிவிளிம்பு முழுக்க, பொறுமையாய்ச் செதுக்கினார்,
தூக்கத்துக்கான நேரத்தில்.
ஊதிவிட்டு, "இப்போ?" என்றார்.
எண்ணூற்று முப்பது.

கையெழுத்துப் போடுவதற்குள்
மனிதர் கட்டிலில் ஏறி, தலையை நுழைத்து,
ஒரு தோள், மறு தோள்,
குழியின் ஏணியைப் பிடித்து
சாக்ஸோடு பனியில் போய் நின்றார்.
அறைக்குள் நாங்கள் இருவரும் மிச்சம்,
ஒரு துண்டு வெயிலும்.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.
கெட்டுனென் மேலே ஏறிப் போய்
பழக்க தோஷத்தில் கேட்டார்:
"யாரு?"