மருந்து

பத்து லிட்டர் தொட்டி, ஆறு விசிறி,
கையில் இரண்டு குச்சி.
கோயில்வெண்ணியில் எனக்குப் பெயர் ட்ரோன்காரி.
ஏக்கருக்கு ஐந்நூறு. பேட்டரி என்னுடையது,
மருந்து பக்கிரிசாமியுடையது.

மருந்து என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.
பிள்ளைக்குக் காய்ச்சலில் புகட்டுவதும் மருந்து,
குருத்துப்பூச்சிக்கு அடிப்பதும் மருந்து,
தஞ்சாவூர்ப் பீரங்கிமேட்டில் கிடக்கிற
இரும்புத் தொண்டைக்குள்
மூட்டை மூட்டையாய்க் கெட்டித்ததும் மருந்துதான்.
ஒரே ஒரு தரம் வெடித்ததாம் அது.
அன்றைக்குக் கீழவாசலில்
எத்தனை கைக்குழந்தை வீரிட்டதென்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

இந்த வயலில் சண்டை நடந்திருக்கிறது.
ஆயிரத்தெண்ணூறு வருஷமோ, கூடவோ.
அப்போது தூரம் என்பது ஒரு வேலின் நீளம்.
குத்துகிறவன் வாயின் கள் வாடை
குத்துப்படுகிறவனுக்குத் தெரியும்.
மார்பில் நுழைந்த வேல்
முதுகு வழியே வந்துவிட்டதற்கு வெட்கி
ஒரு ராசா வடக்கே பார்த்து உட்கார்ந்தான் என்பார்கள்,
சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாமென்று.
புண்ணுக்கு
முன்பக்கம் பின்பக்கம் இருந்த காலம்.

பிறகு வில். அதுவும் கூப்பிடு தூரம்தான்,
அம்மா என்றால் எய்தவனுக்குக் கேட்டுவிடும்.
அப்புறம் தரங்கம்பாடிக்குக் கப்பலில் குண்டு வந்தது,
ஆள் நகர்ந்துகொண்டே போனான்
கூப்பிட்டாலும் கேட்காத இடத்துக்கு.
இப்போது காலை பத்து மணிக்குத்
தஞ்சாவூரில் ஏறுகிற விமானம்
எங்கள் தலைமேல் இடிக்கிறபோது
இங்கே இருப்பது சத்தம் மட்டும்.
அது எங்கேயோ போய்விட்டிருக்கும்.

தம்பி ரத்தினவேல் பாலைவனத்தில் இருக்கிறான்.
ஏசி போட்ட தகரப் பெட்டிக்குள்
எட்டு மணி நேரம் திரை பார்க்கிற வேலை.
ஞாயிற்றுக்கிழமை பேசினான்.
போர் வருமாடா என்றேன்.
போர் அடிக்குதுக்கா என்றான்.
சிரித்தோம்.
கொல்லையில் போர் போட்டு
முந்நூறடி இறங்கியும் காற்றுதான் வந்த கதையைச் சொன்னேன்.
வைக்கோல்போருக்குள் சாரை முட்டையிட்டதைச் சொன்னேன்.
அவன் பார்த்தது எதையும் அவன் சொல்லவில்லை.
வைக்கும்போது மட்டும்,
"உன் திரையும் என் திரையும் ஒரே கம்பெனிதாங்க்கா."

இன்றைக்கு வெண்ணாற்றுப் பக்கம் மூன்று மா.
வரப்பு நெடுகத் தும்பை.
அந்தக் காலத்தில் போருக்குச் சூடிப்போன பூவென்று
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
"அதுக்குத் தனியாக் களைக்கொல்லி வாங்கியாச்சு,
நாளைக்கு அடிச்சிடு" என்றார் பக்கிரிசாமி.

பதினைந்தடி உயரம். திரையில் பச்சை, பச்சை, சேறு.
பக்கத்து வயலில் நடவு.
பதினோரு முதுகு.
மேலிருந்து பார்த்தால்
மனுஷருக்கு முதுகு மட்டும்தான் இருக்கிறது.
எங்கே பட்டாலும் முதுகுப்புண்தான்,
வெட்கப்பட வேண்டியது யார் என்பதும் தெரியாது.

காற்று கிழக்கே திரும்பியது.
திரும்பியதை நான் பார்த்தேன்.
இன்னும் அரை வரிசைதான் பாக்கி.
ஒரு நொடி, இரண்டு நொடி,
விரலை எடுக்கவில்லை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு முதுகு நிமிர்ந்தது.
திரை நிறைய ஒரு மூஞ்சி.
வெள்ளையம்மா,
கையில் நாற்றுமுடி, மூக்கில் முந்தானை,
வாய் அசைகிறது. ட்ரோனுக்குக் காது இல்லை.
ஆனால் நான் நின்றது நூறடியில்தானே.
விசிறி இரைச்சலைத் தாண்டி வந்து விழுந்தது:
"எவடி அவ, ஆளு மேல அடிக்கிறவ?"

கூப்பிடு தூரம்.

இறக்கினேன். தொட்டியில் நாலு லிட்டர் மிச்சம்.
தும்பையை மிதித்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.
பதினோரு பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.
கண் சிவந்து நீர் வழிய வெள்ளையம்மா
என்னை, என் ஏழு தலைமுறையை,
பக்கிரிசாமியை, பேட்டரியைச்
சேர்த்து வைத்துத் திட்டினாள்.
அவள் வாயின் வெற்றிலை வாடை எனக்குத் தெரிந்தது.
நான் திரும்பிக்கொள்ளவில்லை.

வாய்க்கால் தண்ணீரை அள்ளி
அவள் கண்ணுக்கு ஊற்றினேன்.
அதுவும் கலங்கல்தான்.

போன் வண்டியில் கிடந்தது.
பிறகு எடுத்துப் பார்த்தால்
ரத்தினவேல் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான்.