அப்படி ஓர் ஊர் இல்லை

பிப்ரவரி. மழைக்கு முந்திய புழுக்கம்.
காதை இறுக்கும் ஹெட்போனோடு
இணைப்பகத்தின் மூன்றாவது நாற்காலியில் நான்.
மேற்பார்வையாளர் ஸெஃபானியாஸ்
தட்டச்சு செய்த தாளொன்றைக் கொண்டுவந்து
பலகைக்கு மேலே பசை தடவி ஒட்டினார்.
இடப்பக்கம் செத்த பெயர்கள்,
வலப்பக்கம் உயிருள்ளவை.
கார்பன் நகல் என்பதால் இரண்டும்
ஒரே மங்கல் நீலம்.

வில்லா காப்ரால் இனி லிஷிங்கா.
போர்ட்டோ அமேலியா இனி பெம்பா,
ஒரு ராணியை இறக்கிவிட்டோம்.
வில்லா பேரி இனி ஷிமோயு.
ஜுவாவ் பெலு இனி ஷாய்-ஷாய்.
சொல்லிப் பாருங்கள்,
நாக்கு செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்.
பெய்ரா மட்டும் பெய்ராவாகவே இருந்தது.
அதுவும் ஓர் இளவரசனின் பட்டம்தான்.
யாருக்கும் நினைவு வரவில்லை போலும்,
அல்லது பெயின்ட் தீர்ந்திருக்கும்.

எங்கள் ஊர் கடைசி வரியில்:
லொரென்சு மார்க்கெஸ் இனி மபுட்டோ.
தந்தம் வாங்க வந்த வியாபாரி ஒருவன்
நானூறு வருடம் எங்கள் வாயில் உட்கார்ந்திருந்தான்.
எழுந்து போனபோது
நாற்காலியில் சூடுகூட இல்லை.

"பழைய பெயரைக் கேட்டால்
அப்படி ஓர் ஊர் இல்லை என்று சொல்,
சொல்லிவிட்டு பிளக்கை உருவு" என்றார் ஸெஃபானியாஸ்.
முதல் வாரம் எனக்கு அது பிடித்தே இருந்தது.
ஜோகன்னஸ்பர்க் வியாபாரிகளிடம்
ஒவ்வொரு எழுத்தையும் மென்று சொன்னேன்.

அம்மாவுக்கு இரண்டு பெயருமே கிடையாது.
மஃபலாலாவின் தகர வீட்டிலிருந்து
சலவை வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம்
"ஷிலுங்கினிக்குப் போகிறேன்" என்பாள்,
வெள்ளைக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு.
அவர்கள் போன பிறகும் அப்படியே சொல்கிறாள்.
என்னையும் அப்படித்தான்:
பாதிரியார் வைத்த அர்சேனியாவை
அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.
அவளுக்கு நான் ந்யெலெட்டி.

வியாழன்தோறும் இரவு ஒன்பதுக்கு
லிஸ்பனிலிருந்து டோனா எர்மெலிந்தா.
"லொரென்சு மார்க்கெஸ், 27319."
அப்படி ஓர் ஊர் இல்லை, அம்மணி.
"சரி, அந்த எண்ணைக் கொடு."
அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.
மணி அடிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்,
மூன்று நிமிடம், முழுக் கட்டணம்.
பெயர்ந்து போனவர்கள்
பெயரை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள்.
இருபது கிலோ மூட்டையில்
யாரும் அதை நிறுத்துப் பார்க்கவில்லை.

அக்டோபரில் வீட்டு வாரியம்
எங்களுக்கு ஒரு ஃபிளாட் ஒதுக்கியது.
மூன்றாம் மாடி, கடல் பார்த்த ஜன்னல்,
லிப்ட் ஓடாது.
அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று
ஷிலுங்கினியைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.
நடைக்கூடத்தில் ஒரு கறுப்புத் தொலைபேசி,
டயலின் நடுவே வட்டத் தாள்,
அதில் சாய்ந்த கையெழுத்தில்
27319.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
வியாழன்களில் நானே பிளக்கைச் செருகினேன்.
ஊரின் மறுகோடியில் என் வீட்டில் மணி அடிக்கும்,
அம்மா தொடமாட்டாள் என்பது தெரியும்.
அது யாரோ செத்த செய்தி என்பாள்.

நவம்பரில் ஒரு வியாழன் எனக்கு விடுமுறை.
லூர்தினாவின் முறை.
ஒன்பதுக்குச் சரியாக அடித்தது.
மீன் கழுவிய கையைப் பாவாடையில் துடைத்தேன்,
ஐந்தாவது மணியில் எடுத்தேன்.
எதிர்முனையில் மூச்சு நின்றது.
இத்தனை மாதத்தில் மணியைத் தவிர
எதையும் அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"லொரென்சு மார்க்கெஸா?"

பழக்கதோஷம்.
இணைப்பகக் குரலில், வெறுங்காலோடு நின்றபடி,
"அப்படி ஓர் ஊர் இல்லை, அம்மணி" என்றேன்.

"தெரியும்" என்றாள்.
"ஜன்னலைச் சாத்து, பெண்ணே.
தெற்குக் காற்றோடு வந்தால்
சமையலறை வரைக்கும் நனையும்."

திரும்பிப் பார்த்தேன்.
இல்லாத ஊரில்
மழை வலுத்திருந்தது.
தரை பாதி நனைந்திருந்தது.