டெஷோவின் முழங்கால்

காதிஸில் மூன்றாம் நாள்.
மூவாயிரம் வருஷத்து ஊரில்
இன்னும் ஆயிரத்து எழுநூறைத் தாண்டவில்லை நாங்கள்.

செகெட் நகரக் குடிநீர் வாரியம். டெஷோவோடு பதினெட்டுப் பேர்.
ஹங்கேரியில் கடல் கிடையாது.
வீடு வீடாக மானி படித்துப் பழகிய கண்கள்
மூன்று பக்கமும் தண்ணீரைக் கண்டதும்
மொத்தம் எத்தனை கன மீட்டர்,
கட்டணம் யார் பேரில் என்றுதான் யோசித்தன.

வழிகாட்டி சேலோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
அவள் சொன்ன வருஷங்களை
லெவாந்தே காற்று பாதியிலேயே பிடுங்கிக்கொண்டது.
ஃபினீஷியர் வந்தது காதில் விழுந்தது,
போனது விழவில்லை.
தெருமுனைகளில் பழைய பீரங்கிகளை நட்டிருக்கிறார்கள்,
வண்டிச் சக்கரம் சுவரில் உரசாமலிருக்க.
அதில் ஒன்றில் சாய்ந்துகொண்டு
இல்கா செருப்பு மணலைத் தட்டினாள்.

கோபுரத்தடியில் டெஷோ சொன்னார்:
"நீங்கள் ஏறுங்கள். எனக்கு முழங்கால்."
எங்கள் பிரிவுத் தலைவர்.
அந்த முழங்காலைப் பதினோரு வருஷமாக அறிவோம்.
அதற்கென்று அலுவலகத்தில் ஒரு முக்காலி உண்டு.
அதை யாரும் நகர்த்துவதில்லை.
வானம் மூடினால்
விடுப்பு விண்ணப்பத்தை மேசைக்குள் திருப்பி வைத்துவிடுவோம்.

ஏறினோம்.
கப்பல் வருகிறதா என்று வணிகர்கள் பார்த்திருந்த கோபுரம்.
இப்படி நூற்றுக்கு மேல் இன்னும் நிற்கின்றன,
வராத கப்பலுக்காக
ஒன்றன் தோளுக்கு மேல் ஒன்று எட்டிப் பார்த்தபடி.

உச்சியில் இருட்டறை.
அம்பாரோ என்ற பெண் ஒரு கயிற்றை இழுக்க,
நடுவிலிருந்த வெள்ளைக் குழிவட்டில்
காதிஸ் வந்து படுத்துக்கொண்டது.
புகைப்படமல்ல, இந்த நிமிஷத்து ஊர்.
மொட்டைமாடிக் கொடிகளில் துணி அசைந்தது.
கடற்புறா ஒன்று
என் மோதிர விரலைக் கடந்து பறந்தது.
சத்தம் மட்டும் கீழேயே தங்கிவிட்டது.

அம்பாரோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.
தெருவில் போன தபால்காரி தாளில் ஏறிக்கொண்டாள்.
தாளை உயர்த்தினாள். தபால்காரி
எதுவும் தெரியாமல் காற்றில் நடந்தாள்.
"அடுத்து யாரைத் தூக்கலாம்?"

பிரோஷ்காதான் முதலில் பார்த்தாள்.
சின்னச் சதுக்கம், நான்கு ஆரஞ்சு மரங்கள்,
ஏழெட்டுப் பிள்ளைகள்,
நடுவில் ஒரு சாம்பல் நிறச் சட்டை.
சட்டை ஓடியது.
பந்தைக் குதிகாலால் பின்னுக்குத் தட்டி,
சிவப்புக் காலுறைச் சிறுமியை ஏமாற்றி,
இரண்டு புத்தகப் பைகளுக்கு நடுவே அடித்தது.
கைகளை விரித்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்று.
நகத்தளவு மனிதர்.

பதினேழு பேர் குனிந்து நின்றோம்,
மானி படிப்பதுபோல.
யாரோ இருமலை விழுங்கியது கேட்டது.
அம்பாரோ தாளை அவர் காலடியில் செருகினாள்.
"உங்களவரா?"
"இல்லை" என்றாள் பிரோஷ்கா.
அம்பாரோ எங்கள் முகங்களைப் பார்த்தாள்.
பிறகு தாளைச் சிந்தாமல் தாழ்த்தி
எடுத்த இடத்திலேயே அவரை வைத்துவிட்டாள்.

இரவு, காகிதக் கூம்பில் பொரித்த மீன்.
டெஷோ எதிர் நாற்காலியில் காலை நீட்டியிருந்தார்.
மூக்கு வெயிலில் சிவந்திருந்தது.
"மேலே என்ன இருந்தது?"
"துணி" என்றாள் இல்கா. "ஊர் முழுக்கத் துணி காய்கிறது."
"நல்லவேளை, நான் ஏறவில்லை."
ஆமாம் என்றோம், வாய் நிறைய மீனோடு.

எலுமிச்சைத் துண்டுக்கு எட்டியபோது
முகத்தைச் சுளித்தார்.
இந்தச் சுளிப்பு எங்களுக்குப் புதிது.
ஷோம்போர் எழுந்து சமையலறைக்குப் போனான்,
ஐஸ் கேட்க.
ஸ்பானிஷ் தெரியாது.
முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.
புரியவில்லை.
கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு,
அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே
கைகளை விரித்து ஓடிக் காட்டினான்.