இருமல்

புதுப் பெட்டிக்குள் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள்.
பொத்தானை அழுத்தினால் கதவு மூடும்,
கதவு மூடினால் பாட்டு வரும்.
ஆற்றைத் தாண்டி மேலேறும் ஐந்து நிமிடமும்
பயணிகள் சும்மா நிற்கக் கூடாதாம்.

முதல் நாள், மூன்றாம் நடையில்தான்
என்ன பாட்டென்று காதில் ஏறியது.
கைப்பிடியைப் பிடியுங்கள் என்று
எல்லாருக்கும் சொல்கிறவள்
நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பாட்டு அது. எங்கள் என்றால்,
ஜார்ஜியாவில் எல்லாருக்கும் அது எங்கள் பாட்டுதான்:
கல்யாணத்தில், சாவில்,
ஒயின் தீர்ந்துபோன பிறகும்.
பாதிச் சொற்களுக்கு இன்று பொருள் தெரிந்தவர் இல்லை.
நான் சொல்வது வேறு.
பழைய நிலையத்தின் பற்சக்கர அறையில்
மூன்று பேர் பாடியது.

உச்சிக்குரல் ஜும்பேர். நடுவில் அன்சோர்.
அடிக்குரல் முர்மான்.

மின்சாரம் போய்விடும் காலம்.
குவிரிலா ஆற்றுக்கு மேலே
அந்தரத்தில் பெட்டி நிற்கும்.
உள்ளே நான், சுரங்கத்துக்குப் போகும் எட்டுப் பேர்,
ஒரு தடவை ஒரு கன்றுக்குட்டி.
கீழே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
அவர்கள் பாடுவார்கள்.
பயப்படாதே என்று கத்தினால் பயம் வரும்.
பாடினால்,
சரி, இன்னும் நேரமாகும் போலிருக்கிறது என்று
ஆட்கள் சூரியகாந்தி விதை கொறிக்கத் தொடங்குவார்கள்.

முர்மான் எப்போதும் அளவு மீறித் தாழ எடுப்பான்.
மூன்றாம் அடிக்கு முன்னால் இருமுவான்.
ஏழு குளிர்காலம் கேட்டேன்,
ஒரு நாளும் தவறியதில்லை.
மாங்கனீசுத் தூசி என்பான்.
சிகரெட் என்பாள் அவன் தங்கை நாத்தேலா.
மற்ற இருவரும் அரை மூச்சு நிறுத்தி
இருமலுக்கு இடம் விட்டுப் பாடப் பழகியிருந்தார்கள்.
அதுவும் பாட்டில் உள்ளதென்றே நினைத்திருந்தேன்.

பிறகு வடம் நின்றது. நிலையத்தைப் பூட்டினார்கள்.
ஜும்பேர் போலந்தில், இறைச்சி ஆலையில்.
புத்தாண்டுக்குக் கூப்பிடுவான்,
தன் பல்வலியைப் பற்றியே பேசுவான்.
அன்சோர் மேட்டுக் கல்லறையில்,
நல்ல வெயில் விழும் சரிவு.
முர்மான் எங்கே என்று தெரியாது.
என்னிடம் பதினோரு லாரி கடன் வாங்கினான்,
வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றான்,
வெள்ளிக்கிழமையையும் கையோடு
எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
துருக்கி என்கிறார்கள். ரஷ்யா என்கிறார்கள்.
நாத்தேலா ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஒலிப்பதிவில் பாடுகிறவர்கள் படித்தவர்கள்.
இஸ்திரி போட்ட குரல்கள்.
மூன்றாம் அடி வருகிறது,
யாரும் இருமவில்லை,
பள்ளம் தூர்த்த சாலையில் போவதுபோல்
நேரே போய்விடுகிறார்கள்.
என் உடம்பு மட்டும்
இறங்கி ஏறுகிறது.
ஒரு நாளைக்கு இருபத்தாறு நடை.

அலுவலகத்தில் சொன்னேன்.
பாட்டு பிடிக்கவில்லையா, கேட்டாள் மேலாளர்.
பிடிக்கும். அதில் ஒன்று குறைகிறது.
அவள் ஆள் அனுப்பினாள்.
பையன் ஒலிபெருக்கியைக் கழற்றி,
துடைத்து, ஊதி,
திரும்ப மாட்டிவிட்டுப் போனான்.
இப்போது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

நேற்றுக் கடைசி நடைக்கு ஒரே ஆள்,
தக்காளிக் கூடையோடு நாத்தேலா.
எனக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.
கீழே நதி கறுத்து ஓடியது.
முதல் அடி போயிற்று. இரண்டாவது.
நினைத்துச் செய்யவில்லை,
தொண்டை தானாக இருமியது.

அவள் திரும்பவில்லை.
கண்ணாடியில் ஒரு வட்டம் மூச்சு படிந்து
கலையும் வரை காத்திருந்து,
கொஞ்சம் முந்திவிட்டாய், என்றாள்.

மேல் நிலையத்தில் கதவு திறந்தது.
கூடை அசையவில்லை.
பொத்தானை அழுத்தினேன்.